வீட்டில் கூட யார் இருக்காங்க? பிளாப் எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இப்போது ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர்களுக்கும், அதை முடித்துவிட்டு, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கிலாந்தில் மருத்துவராக எழுதும் பிளாப் தேர்வின் மெட்டீரியலோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் படித்தவள். 2019-இல் இங்கிலாந்து வந்தேன். யார்க்‌ஷயரில் ஓர் அரசு மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவரும் இரண்டு பிள்ளைகளும் என்னோடு இருக்கிறார்கள். அம்மா கும்பகோணத்தில். அப்பா தவறிவிட்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது.

வாரத்துக்கு ஒருவராவது எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். "அக்கா, ஆங்கிலத் தேர்வுக்கு ஓ.இ.டி. எழுதலாமா, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதலாமா?" "பிளாப்-2வுக்கு மான்செஸ்டர்ல எங்க தங்கறது?" "கைக்கு எவ்வளவு சம்பளம் வரும்?" எல்லாவற்றுக்கும் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கிளம்பும்போது நானும் அதை யாரிடமும் கேட்கவில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன், அப்போதுதான் மற்றது புரியும்.

வார்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவரைப் பார்க்கப் போகும்போது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சிறுநீர் என்று விசாரித்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு வேறு கேள்விகள் ஆரம்பமாகும். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்? மாடிப்படி உண்டா, எத்தனை படி, கைப்பிடி ஒரு பக்கமா இரண்டு பக்கமா? கழிவறை மேலேயா கீழேயா? கடைக்கு யார் போகிறார்கள்? மாத்திரையை யார் எடுத்து வைக்கிறார்கள்? இந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை விழுந்தீர்கள்? விழுந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது?

நம் ஊரில் கேஸ் ஷீட்டில் 'பர்சனல் ஹிஸ்டரி' என்று எழுதி, மிக்ஸட் டயட், புகை இல்லை, மது இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே வந்த புதிதில் என் கன்சல்டன்ட், அதாவது பிரிவின் மூத்த மருத்துவர், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "இவர் எத்தனை படி ஏறிப் படுக்கப் போகிறார் என்று தெரியாமல் இவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவாய்?" என்று கேட்டார். கடிந்து கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே அது தெரிய வேண்டியிருந்தது. முதியோர் மருத்துவம் பிறந்ததே இந்தக் கேள்விகளிலிருந்துதான். 1935-இல் லண்டனின் மேற்கே ஒரு மருத்துவமனையில், தீராதவர்கள் என்று ஒதுக்கிப் படுக்கவைத்திருந்த நூற்றுக்கணக்கான முதியவர்களை மார்ஜரி வாரன் என்ற மருத்துவர் ஒவ்வொருவராக உட்கார்ந்து விசாரித்தார். எழுப்பி நடக்கவைத்தார். பலர் வீடு திரும்பினார்கள். நான் தினமும் கேட்கும் கேள்விகள் அந்த வழியில் வந்தவை.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்பத்து நான்கு வயது. ஷெஃபீல்டில் கரண்டியும் கத்தியும் மெருகேற்றும் பட்டறையில் அவருடைய அம்மா வேலை பார்த்தவர். மணலும் எண்ணெயும் தெறிக்காமலிருக்கப் பழுப்புக் காகிதத்தைக் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் வேலைக்கு நிற்பார்களாம். பாட்டி இதையெல்லாம் ஆசையாகச் சொல்வார். எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், என்னையும்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக்கு எழுந்தவர் வழியில் விழுந்துவிட்டார். காலை எட்டு மணிக்குப் பராமரிப்புப் பெண் வந்து கதவைத் திறக்கும்வரை தரையிலேயே கிடந்தார். கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு அபாய பட்டன் கொடுத்திருந்தார்கள். அது குளியலறைக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஆள் உண்டு. சுவரைத் தட்டியிருந்தாலே போதும். ஏன் தட்டவில்லை என்று கேட்டேன். தூங்குகிறவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டாராம்.

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பது எங்களுக்கு முக்கியமான கேள்வி. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. உடம்பின் பாரம் அழுத்திய இடத்தில் தசை சிதைந்து, அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தோல் புண்ணாகும். உடல் குளிர்ந்துபோகும். இடுப்பின் எந்தப் பக்கம் கீழே இருந்தது, முழங்கை சிவந்திருக்கிறதா, குதிகால் எப்படி இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்போம். அந்தப் பாட்டியின் வலது இடுப்பில் உள்ளங்கை அளவுக்கு ஊதா நிறத்தில் ஓர் அச்சு. அவர் வீட்டுத் தரைவிரிப்பின் பின்னல்கூட அதில் பதிந்திருந்தது.

இது நடந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. 2024 டிசம்பர், மார்கழி பிறந்துவிட்டது. எனக்கு நைட் டியூட்டி. இங்கே நள்ளிரவு பன்னிரண்டு என்றால் ஊரில் காலை ஐந்தரை. ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் ஏழு மிஸ்ட் கால். எதிர்வீட்டு அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி: "பாப்பா, பதறாதே. அம்மா வாசல்ல விழுந்துட்டாங்க. கால அசைக்க முடியலைங்கறாங்க. பால்காரர்தான் பார்த்தாரு."

அம்மா மார்கழியில் நாலரைக்கெல்லாம் எழுந்துவிடுவார். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் பரங்கிப்பூ வைப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, ஊரில் இருந்த ஒரு வருடமும் விட்டதில்லை. தெளித்த தண்ணீரில் கால் வழுக்கியிருக்கிறது. நான் போனில் கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு நேரமா கீழ கிடந்தாங்க?" என்பதுதான். எதிர்வீட்டு அக்காவுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கும். பால்காரர் வந்தது ஐந்தே காலுக்கு. அம்மா விழுந்தது ஐந்து மணிக்கு முன்னால். ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று பின்னால் அம்மாவிடம் கேட்டேன். "விடியட்டும்னு இருந்தேன். தூங்கறவங்கள எதுக்கு எழுப்பறது?" என்றார். ஷெஃபீல்டு பாட்டி சொன்ன அதே பதில்.

இடுப்பில், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. உங்களுக்கு எக்ஸ்ரே கண்ணில் தெரியும். எனக்கும் தெரிந்தது, வாட்ஸ்அப்பில்.

இங்கே இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு 36 மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும், 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவர் பார்க்க வேண்டும். இந்த அளவுகோல்களுக்கு உட்பட்டு நடந்தால்தான் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்று 2010-இலேயே இங்கிலாந்தில் ஏற்பாடு செய்தார்கள். அதனால் எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், நாங்கள் என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுவோம். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், புத்தி தடுமாறும், தசை கரையும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே எடுக்கிறேன். என் அம்மாவுக்கு அறுவை நடந்தது ஐந்தாவது நாள்.

அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டோம் என்றார்கள். எக்கோ பார்க்கும் இதய மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். இன்சூரன்ஸ் அப்ரூவல் இடையில் ஒரு நாளைத் தின்றது. நான் இங்கிருந்து போன் செய்து, எக்கோவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, தொடையிடுக்கில் நரம்பைச் சுற்றி ஊசி போட்டு முதலில் வலியையாவது குறையுங்கள் என்று கெஞ்சினேன். "நீங்களும் டாக்டரா மேடம்? யு.கே.வா? சரி மேடம், சார் வந்ததும் சொல்றேன்." மருத்துவராக இருந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்து வருடப் படிப்பும் ஒரு செல்போனுக்கு இந்தப் பக்கம் எதற்கும் உதவாமல் நின்றது.

லீவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே முதல் ஐந்து வருடம் ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு, அதன்பின் 32. ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். அவசரத்துக்கு மனிதாபிமான விடுப்பு கேட்கலாம், எத்தனை நாள் கிடைக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. அன்றைக்கு என்னுடைய மீதி மூன்று இரவுகளையும் ஒரு நண்பர் வாங்கிக்கொண்டார். அவர் நைஜீரியாவின் லாகோஸ்காரர். தன் அப்பாவின் அடக்கத்தை இதே மருத்துவமனையின் ஓய்வறையில் உட்கார்ந்து போனில் பார்த்தவர். நான் கேட்கக்கூட இல்லை. "நீ போ, ரோட்டாவை (டியூட்டி அட்டவணையை) நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மான்செஸ்டரிலிருந்து துபாய், துபாயிலிருந்து சென்னை, அங்கிருந்து காரில் கும்பகோணம். நான் போய்ச் சேர்ந்தது நாலாவது நாள். அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "பிள்ளைங்கள யாருகிட்ட விட்டுட்டு வந்த?"

அம்மா பிழைத்துக்கொண்டார். இன்று வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார்.

"அம்மாவைக் கையோடு இங்கிலாந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட வேண்டியதுதானே?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். படிப்பு முடியும், வேலை கிடைக்கும், வீடு வாங்குவோம், கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டி வந்துவிடுவோம். நானும் அதைத்தான் நம்பிக் கிளம்பினேன். தயவுசெய்து இந்த இடத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். எந்தக் கோச்சிங் சென்டரும் இதை உங்களுக்குச் சொல்லாது.

2012 ஜூலை 9 வரைக்கும், 65 வயதைத் தாண்டி, பிள்ளைகளின் பணத்தை நம்பி வாழும் பெற்றோரை இங்கே நிரந்தரமாக அழைத்துவர வழி இருந்தது. அன்று விதியை மாற்றினார்கள். இப்போது இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டும். குளிக்க, உடுத்த, சமைக்க என்று அன்றாட வேலைக்கே அவர்களுக்கு நீண்ட காலத்துக்கு ஆள் உதவி தேவை என்பது ஒன்று. அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்காது, அல்லது நீங்கள் இங்கிருந்து பணம் அனுப்பினாலும் அதை வாங்க முடியாது என்பது இன்னொன்று. நன்றாக நடமாடும் அம்மாவுக்கு முதல் நிபந்தனையிலேயே கதவு அடைக்கும். இடுப்பு முறிந்த அம்மாவுக்கு இரண்டாவதில் அடைக்கும். ஏனென்றால் மருத்துவர் சம்பளத்தில் கும்பகோணத்தில் ஒரு ஆள் போட முடியும். விண்ணப்பத்தை அம்மா இந்தியாவில் இருந்துகொண்டுதான் போட வேண்டும். கட்டணம் மூவாயிரம் பவுண்டுக்கு மேல். மறுத்தாலும் பணம் திரும்பாது. நீங்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டாலும் இதே விதிதான். இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். விதி செல்லும் என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் பார்த்த வழக்கறிஞர் கோப்பை முழுதாகப் படித்துவிட்டு, "உங்கள் பணத்தை வீணாக்காதீர்கள்" என்று சொல்லி, பார்த்ததற்கான கட்டணத்தையும் வாங்காமல் அனுப்பினார்.

விசிட்டர் விசா கிடைக்கும். ஒரு தடவைக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தால், வழக்கமான செலவைப் போல ஒன்றரை மடங்கு பில் வரும். சர்க்கரையும் பிரஷரும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அதையெல்லாம் ஏற்கும் இன்சூரன்ஸ் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் சம்பளம் வாங்கும் அதே என்.எச்.எஸ்.ஸில், இந்த நாட்டு அரசு மருத்துவச் சேவையில், என் அம்மா கடன்பட்டுத்தான் படுக்க முடியும்.

இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. 2020-இல், கொரோனா காலத்தில், மருத்துவப் பணியாளர்களுக்காக வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு இந்த ஊர் வாசலில் நின்று கைதட்டியபோது நானும் அந்தச் சத்தம் கேட்டு அழுதவள்தான். ஆனால் அந்தக் கோபத்தை இந்த நாட்டு உள்துறைக்கு ஆங்கிலத்தில் எழுதுவேன், எழுதிக்கொண்டும் இருக்கிறேன். உங்களிடம் பேச வேண்டியது வேறு.

அம்மா இங்கே வந்து இருந்ததில்லையா என்றால், இருந்தார். 2022 அக்டோபரில் வந்தார். நான் காலை ஏழு மணிக்குக் கிளம்புவேன். கணவர் பெரியவனைப் பள்ளியிலும் சின்னவளை நர்சரியிலும் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் ஆறு மணி வரை அம்மாவும் ஜன்னலும்தான். நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். "தெருவுல ஒரு ஆளு நடமாட்டம் இல்லையேம்மா" என்பார். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும். அதிலிருந்து இறங்கித் தொட்டியை இழுக்கும் இரண்டு பேரைப் பார்ப்பதற்காகவே அம்மா அன்றைக்குச் சீக்கிரம் குளித்துவிட்டு ஜன்னலில் வந்து உட்கார்ந்திருப்பார். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை, என் மகன் சொன்னான். நாலாவது மாதம், "பொங்கல் ஊர்ல வச்சுக்கறேனே" என்று மெதுவாகக் கேட்டார். டிக்கெட் போட்டேன். விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு அம்மா மேல் எனக்கு வருத்தம்தான் இருந்தது. இவ்வளவு செய்தும் இருக்க மாட்டேன் என்கிறாரே என்று. அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று அப்போதுகூட நான் கேட்கவில்லை.

வேலை நிலவரத்தைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாப் பாஸ் செய்துவிட்டால் வேலை என்ற காலம் போய்விட்டது. 2025-இல் சிறப்புப் பயிற்சிக்குச் சுமார் பத்தாயிரம் இடங்களுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் போட்டியிட்டார்கள். அந்த ஜூலையில் வெளியான இங்கிலாந்தின் பத்தாண்டு சுகாதாரத் திட்டம், இங்கே படித்தவர்களுக்கும் இங்கே ஏற்கெனவே கணிசமான காலம் வேலை பார்த்தவர்களுக்கும் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நம் கல்லூரித் தம்பி ஒருவர் பதினான்கு மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் நகையை அடகு வைத்து வந்தவர். வேலை கிடைத்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறார். ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்தை ஊற்றியதும் தட்டைப் பார்த்தபடியே வெகுநேரம் இருந்தார்.

வராதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இங்கே நான் கற்றது நிறைய. இயன்முறை மருத்துவரும், வீட்டுக்கு நேரில் போய்க் கட்டில் உயரத்தை அளந்து பார்க்கும் தொழில்முறைச் சிகிச்சையாளரும், செவிலியரும், நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு பாட்டி எப்படி வீடு திரும்புவார் என்று அரை மணி நேரம் பேசுகிறோம். கன்சல்டன்ட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் சொல்வது தவறு என்றும் சொல்லலாம். இந்த வேலையை நான் மனதார நேசிக்கிறேன். அதனால்தான் இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததையே உங்களுக்குத் தருகிறேன்.

கிளம்புவதற்கு முன் உங்கள் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து, நான் என் நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளைக் கேளுங்கள். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். வழியனுப்பும் விருந்து, ஏர்போர்ட் போட்டோ இவற்றுக்கெல்லாம் முன்னால். அவர்களுக்கு ஐம்பத்தைந்து வயதுதானே ஆகிறது, இப்போதே எதற்கு என்று தோன்றும். என் அம்மாவுக்கும் நான் கிளம்பும்போது வயது அறுபத்தைந்துதான், சைக்கிளில் மார்க்கெட் போய்க்கொண்டிருந்தார்.

ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவர் ஊரில் இல்லாவிட்டால்? இன்னொரு சாவி யாரிடம்? எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எதற்குப் போகவே கூடாது? குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? (இதற்கு பதில் கேட்டுக்கொண்டு நிற்காமல் கொத்தனாரை வரவழைத்துக் கைப்பிடி வைத்துவிடுங்கள். என் கண் முன்னால் இது எத்தனை இடுப்பைக் காப்பாற்றியிருக்கிறது.) இந்த வீட்டிலேயே இருக்க ஆசையா, முடியாத காலத்தில் யார் வீட்டுக்குப் போகச் சம்மதம்? பேங்கில் கையெழுத்துப் போட முடியாமல் போனால் யார்? வெண்டிலேட்டர், ஐ.சி.யூ. என்று வந்தால் எதுவரை? கேட்கும்போது உங்கள் அப்பா எழுந்து போய்விடலாம். திரும்பி வருவார். விடாதீர்கள்.

பதில்களைக் கேட்ட பிறகு நீங்கள் கிளம்பலாம், தள்ளிப்போடலாம், இரண்டே வருடம் என்று முடிவு செய்யலாம். சென்னையிலேயே முதியோர் மருத்துவம் படிக்கலாம். 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் 2024-இல் திறந்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். அங்கே இந்தப் படிப்புக்கு வேலை இல்லாமல் போகாது. எந்த முடிவானாலும் அது அவர்களும் சேர்ந்து எடுத்ததாக இருக்கட்டும்.

வீடியோ காலில் தினமும் பேசுகிறோமே என்று இருந்துவிடாதீர்கள். நான் ஐந்து வருடம் தினமும் அம்மாவிடம் பேசினேன். போனில் முகம் தெரியும், கால் தெரியாது. அம்மா மாடிக்குத் துணி காயப்போட ஏறுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது, எனக்குத் தெரியாது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் அந்தத் தன்னார்வலப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. "நானே அம்மாகிட்ட சொன்னேன் மேடம், சுவரப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கறீங்க, பொண்ணுகிட்ட சொல்லுங்கன்னு. அவ கவலப்படுவான்னு சொல்லிட்டாங்க." பிளஸ் டூ வரை படித்த பெண். நடையைப் பார்த்து விழப்போகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

அறுவை முடிந்து மூன்றாவது வாரம், திரும்புவதற்கு முந்தின நாள், நான் அம்மாவின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். என் மகனின் பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன். அம்மா ஒன்றுக்கும் தயங்கவில்லை. எத்தனையோ நாளாகத் தனக்குள் யோசித்து வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவது சாவி எதிர்வீட்டு அக்காவிடம். முதியோர் இல்லம் வேண்டாம், ஆனால் பகலும் இரவும் ஒரு ஆள் போட்டால் சம்மதம், சமையல் மட்டும் தன் கையில் இருக்க வேண்டும். குழாய் எதுவும் வேண்டாம். பிறகு நான் கேட்காத ஒன்றையும் அவரே சொன்னார். "நான் போயிட்டா ஃப்ரீஸர் பாக்ஸ்ல எல்லாம் வைக்காதீங்க. நீ வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சித்தப்பா பையன் கொள்ளி வைக்கட்டும். நீ பதினாறுக்கு வந்தாப் போதும். அவசரத்துல ஓடி வந்து பிள்ளைங்கள அலைய வைக்காதே." நான் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். பேனா எப்படி ஓடியது என்று தெரியவில்லை.

கடைசியாக, வார்டில் எல்லோரிடமும் கடைசியாகக் கேட்பதைக் கேட்டேன். உனக்கு எதும்மா முக்கியம்?

கொஞ்ச நேரம் யோசித்தார். "வாசல்ல கோலம் போடணும். உக்காந்தாவது போடணும். இதெல்லாம் நீ போறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார்.

இப்போது வீட்டில் இருக்கும் பெண் காலையில் வாசலைக் கூட்டித் தெளித்து, ஈரம் காய்ந்ததும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புள்ளி வைக்கிறாள். எத்தனை புள்ளி, எங்கே வளைக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல அவள் இழுக்கிறாள். சிக்குக் கோலத்தில் அவளுக்கு இன்னும் கை வரவில்லை என்று அம்மாவுக்குக் குறை. இந்த மார்கழிக்கு மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறேன். ரோட்டா இன்னும் வரவில்லை.

பிளாப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ கேட்க வேண்டுமானால் எப்போதும்போல் எழுதுங்கள். நைட் டியூட்டி நாளாக இருந்தால் பதில் தாமதமாகும்.

அன்புடன்,
உங்கள் அக்கா
யார்க்‌ஷயரிலிருந்து